மைக்கில் மட்டும் பேசும் தங்கை

ஊர் சுற்றிக் காட்டும் நீலப் பேருந்தின் முன்பக்கம், ஓடுகிற வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயணிகளைப் பார்த்து நின்று பேசுவதுதான் மைக்கம்மாவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஷெட்டில் முதலாளி முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் மைக்கம்மாதான். பதினைந்து வருஷமாக இந்த நகரத்தைத் தினம் ஒரு தடவை சுற்றுகிறாள். ஆனாலும் எதிரே வருகிற நகரத்தை அவள் பார்த்ததே இல்லை. பயணிகள் பார்த்து முடித்து, வாயைப் பிளந்து, போட்டோவும் எடுத்த பிறகுதான் எந்தக் கட்டடமும் அவள் கண்ணுக்குத் தட்டுப்படும்.

அவளுக்கு வலது என்றால் பயணிகளுக்கு இடது. சேர்ந்த புதிதில் இது பிடிபடாமல், பழைய நீதிமன்றத்தைப் பார்க்க வந்த ஒரு வண்டி ஜனத்தை எதிர்ச்சாரியில் இருந்த பல் ஆஸ்பத்திரியை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டாள். ஒரு பெரியவர் "என்ன கலையம்சம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு கையை மாற்றிச் சொல்லப் பழகினாள். பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கணவர் தையல்காரர். அவர் கத்தரிக்கோலைத் தேடும்போது இவள் "இடது பக்க அலமாரி" என்றால், அவர் மறுபேச்சில்லாமல் வலது பக்க அலமாரியைத் திறப்பார். கத்தரிக்கோல் அங்கேதான் இருக்கும். குடும்பம் என்றால் கொஞ்சம் அனுசரித்துப் போவதுதானே.

பேச்சில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நீதிமன்றத்துக்கு முன்னால் வண்டி நின்றதும், "இந்தக் கட்டடத்தைக் கட்டி முடிக்க நாற்பது வருஷம் ஆச்சுங்க. உள்ளே நடக்கிற கேஸைப் பார்த்தா, ரொம்ப அவசரமா கட்டிட்டாங்கன்னுதான் தோணுது" என்பாள். அருங்காட்சியகத்தில் தொங்குகிற திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே கூட்டத்தை நிறுத்தி, "இவ்வளவு பெரிய வாயை வெச்சுக்கிட்டு இது ஒரு மனுஷனைக்கூடக் கடிச்சதில்லையாம். நம்ம வீட்டுல எல்லாம் வாய் சின்னதுதான்..." என்று இழுத்து, கணவன் மனைவியாக வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். கூட்டம் குலுங்கும். தினமும் அதே நகைச்சுவை, அதே இழுப்பு, அதே பார்வை. கேட்கிறவர்கள் தினமும் புதியவர்கள் என்பது அந்தத் தொழிலின் பெரிய சௌகரியம்.

ஊருக்கெல்லாம் திறந்திருந்த அந்த வாய் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பூட்டிக் கிடந்தது. அந்த ஆள் அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினான். அவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஷெட்டில் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். பெயருக்கு ஏற்ற முகம்தான், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வண்டி ஓட வேண்டுமே. அதனால் அவள் மைக்கில் பயணிகளிடம் சொல்வாள்: "அன்புள்ள பயணிகளே, ஓட்டுநர் அவர்கள் வண்டியைக் கொஞ்சம் நிழலாப் பார்த்து நிறுத்தினா நம்ம யாருக்கும் மண்டை காயாது." அவன் ஹாரனை ஒரு தடவை அடித்தால் சரி என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் முடியாது. விடாமல் நீளமாக அடித்தால், உன் வேலையைப் பார் என்று அர்த்தம். இதுவும் சுற்றுலாவில் ஒரு அங்கம் என்று நினைத்துப் பயணிகள் கைதட்டுவார்கள். முதலாளி ஆரம்பத்தில் ஒரு தடவை கூப்பிட்டு, "நீரடிச்சு நீர் விலகாதும்மா, பேசித் தீர்த்துக்கங்க" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு கைதட்டலைக் கேட்டுவிட்டு, பேசாமலே இருந்தால் நல்லது என்று விட்டுவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷெட்டில் இன்னும் நான்கு வண்டிகள் இருந்தன. வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று இந்த மூன்று வருஷத்தில் அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

சண்டைக்குக் காரணம் அப்பா செத்த நாள். அப்பா அதே கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர். மகனை டிரைவராகவும் மகளை வழிகாட்டியாகவும் சேர்த்துவிட்டவர். திமிங்கலத்துப் பேச்சில் எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்பதுகூட அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். வீட்டிலிருந்து அவளுக்குத்தான் முதலில் ஃபோன் செய்திருக்கிறார்கள். அவளுடைய ஃபோன் வண்டியில் கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அவள் அருங்காட்சியகத்துக்குள் பயணிகளோடு இருந்தாள். அடுத்து அண்ணனுக்குச் செய்தார்கள். அவன் வெளியே வண்டியில் காத்திருந்தான், எடுத்தான்.

எடுத்தவன் அவளிடம் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வந்து ஏறினாள், வண்டி கிளம்பியது. நீதிமன்றம், மார்க்கெட் தெரு, பெரிய பாலம், கலங்கரை விளக்கம், மணிக்கூண்டு எல்லாவற்றையும் அவள் வழக்கம்போலக் காட்டினாள். வழக்கத்தைவிட அன்றைக்கு நன்றாகவே பேசினாள். சாயங்காலம் ஷெட்டில் வண்டியை விட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அப்பா போயிட்டார். காலையிலேயே" என்றான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "முப்பது பேரை நடுவழியில விட்டுட்டு எப்படி வர்றது?"

வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்கள் எல்லாம் பகல் முழுக்க இவர்களுக்காகக் காத்திருந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று. "அப்பன் இப்படிக் கிடக்கிறான், மக ஊர் சுத்தப் போயிருக்கா" என்று ஒரு சித்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். அது பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். அப்பா அங்கே கிடக்க, தான் இங்கே திமிங்கலத்து வாயைக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதை முழுதாகத் தெரிந்துகொண்டே ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறான். "போகணுமா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? அதை முடிவு பண்ண நீ யாரு?" என்று கத்தினாள். அதுதான் அவள் அவனிடம் நேரில் பேசிய கடைசி வார்த்தை. கல் நெஞ்சுக்காரன், வேலைதான் பெரிது என்று இருக்கிறவன், அவனோடு எனக்கென்ன பேச்சு என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். அன்றிலிருந்து ஃபோனை மட்டும் கைப்பையில் போடுவதில்லை. இடுப்பில் செருகிக்கொள்வாள்.

இந்தக் கதை நடந்த நாளில் வானம் மப்பாக இருந்தது, வெயில் உறைக்கவில்லை. அருங்காட்சியகமும் நீதிமன்றமும் முடிந்து, மார்க்கெட் தெருவும் கடந்து, வண்டி பெரிய பாலத்தில் ஏறியது. ஏறியதும் நெரிசலில் நின்றது. பாலத்தில் நின்றால் துறைமுகத்தைக் காட்டிச் சமாளிக்க வேண்டும். அவள் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்தபோது இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது. அண்ணி. அண்ணன் வண்டி ஓட்டும்போது ஃபோனை எடுக்க மாட்டான் என்று தெரிந்து இவளுக்குச் செய்திருக்கிறாள். அண்ணியோடு இவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை. மைக்கை அணைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றாள்.

"பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. இன்னும் நாள் இருக்குன்னு சொன்னாங்களே, இப்பவே வந்துடுச்சு. பிள்ளை குறுக்கே கிடக்காம். ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க" என்றாள் அண்ணி. குரல் ஒரு நிலையில் இல்லை. "மாப்பிள்ளை வெளியூர்ல இருந்து கிளம்பியிருக்கார். உங்க அண்ணன்கிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதே. வண்டி ஓட்டுற மனுஷன், பதறிடுவார். சாயந்திரம் வந்து பார்த்துக்கட்டும், என்ன?"

"சரி அண்ணி. தைரியமா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

வண்டி நிறைய ஜனம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மைக்கைப் போட்டாள். வாய் தானாகவே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "அதோ தெரியுது பாருங்க, மஞ்சக் கப்பல். அது இங்கே நின்னு ஆறு மாசமாச்சு. எதுக்கு நிக்குதுன்னு கப்பல்காரனுக்கும் தெரியலை, துறைமுகத்துக்காரனுக்கும் தெரியலை. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கணவன் தோளில் சாய்ந்து சிரித்தாள். மைக்கம்மா சட்டென்று டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடிப் பக்கம் அவள் கண்ணைத் திருப்பியதில்லை. அதில் அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு மாசமாகத் தினமும் கேட்ட நகைச்சுவைக்கு, உதட்டை இறுக்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தான். தாத்தாவாகப் போகிறோம் என்ற பூரிப்பில் அந்த மாதம் முழுக்க அவன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தான். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டினான்.

இப்போது செய்தி அவள் கையில். சொல்லாமல் இருந்தால் அவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணியே சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம் ஷெட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "உன் பொண்ணுக்குக் காலையிலேயே..." என்று ஆரம்பிக்கலாம். அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். இந்த எண்ணம் வந்தது உண்மை. வந்தபோது இனித்ததும் உண்மை. மனுஷப் பிறவிதானே, இனிக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க, அந்த இனிப்பு போய் வேறொன்று வந்தது. பாவம், தாளம் தட்டுகிறான், இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டுமே என்று தோன்றியது. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் உடம்பே ஆடியது. பழிவாங்கும் புத்தியும் வாயை மூடு என்றது, பாசமும் வாயை மூடு என்றது. சொல் என்று சொன்னது அவளே அன்றைக்குக் கத்திய ஒரு கேள்வி மட்டும்தான். ஆபரேஷன் அறைக்குள் இருக்கிறவள் அவன் பெற்ற மகள். அங்கே போவதா, இங்கே வண்டி ஓட்டுவதா என்று முடிவு பண்ண இவள் யார்?

நெரிசல் நகர்ந்தது. பாலத்தில் வைத்துச் சொல்ல முடியாது, முப்பது உயிர் அவன் கையில் இருந்தது. பாலம் இறங்கினால் கலங்கரை விளக்கம். அதுவரைக்கும் அவள் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் அந்தப் பாதையில் தானாக ஓடக்கூடியது.

கலங்கரை விளக்கத்தின் எதிரே மரத்தடியில் வண்டி நின்றது. "எல்லாரும் மேலே ஏறிப் பார்த்துட்டு வாங்க. இன்னிக்கு நான் ஏறலை. படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க" என்று பயணிகளை இறக்கிவிட்டாள். முதலில் ஷெட்டுக்கு ஃபோன் செய்து மாற்று டிரைவர் வேண்டும் என்றாள். பிறகு மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

"அண்ணே" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"அண்ணே, உன்னைத்தான். பொண்ணை ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருக்காங்க. வலி முன்னாடியே வந்துடுச்சாம். அண்ணி கூட இருக்காங்க. சாயந்திரம் சொல்லுன்னாங்க. எனக்கு மனசு வரலை. நீ கிளம்பு."

அவன் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "வண்டி?" என்றான்.

"வண்டி கிடக்கட்டும். ஷெட்டுக்குச் சொல்லிட்டேன், ஆள் வருது."

"முப்பது பேர் இருக்காங்க."

"அவங்களை நான் பார்த்துக்கறேன். இறங்குண்ணே."

அவன் இறங்கினான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான். இருபது வருஷமாக அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவனை அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்து, ஒரு டாக்ஸியை நிறுத்தி, ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி ஏற்றிவிட்டாள். டாக்ஸி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் மாற்று டிரைவர் ஒரு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பயணிகளும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, சாவியைத் தவிர. வண்டியை விட்டு இறங்கினால் சாவி சட்டைப் பைக்குள் போய்விட வேண்டும் என்பது டிரைவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். உலகமே இடிந்தாலும் கை அதை மறக்காது. சாவி டாக்ஸியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஷெட்டிலிருந்து இன்னொரு சாவி வர வேண்டும்.

முதலில் மைக்கம்மா சமாளித்தாள். கலங்கரை விளக்கத்தின் கதையை இரண்டாம் தடவை, இன்னும் கொஞ்சம் வளர்த்துச் சொன்னாள். மரத்தைப் பற்றிச் சொன்னாள். எதிரே இருந்த சைக்கிள் கடையைக்கூட ஒரு தடவை காட்டிவிட்டாள். சரக்கு தீர்ந்தது. காலையிலிருந்தே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத்தலைக்காரர், "என்னம்மா இது, ஊர் சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து மரத்தடியில உட்கார வெச்சுட்டீங்க? டிரைவர் எங்கே?" என்று எழுந்தார்.

அவள் மைக்கை எடுத்தாள். இந்தத் தடவை நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. "டிரைவர் எங்க அண்ணன்ங்க. அவர் பொண்ணுக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சு. நான்தான் போன்னு அனுப்பிட்டேன். அவசரத்துல சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டார். மணிக்கூண்டு இன்னிக்குப் பார்க்க முடியாதுன்னு நினைக்கிறேன். மன்னிச்சுக்கங்க."

வழுக்கைத்தலைக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பாலத்துல உங்களுக்கு ஃபோன் வந்தப்பவே சொல்லியிருந்தா இறங்கி நடந்தே வந்திருப்போமே. மணிக்கூண்டு எங்கேயும் ஓடிடாதும்மா" என்றார். புதுப்பெண் தன் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். மற்றவர்கள், குழந்தை பிறந்துவிட்டதா, ஃபோன் வந்ததா என்று மைக்கம்மாவைத் துளைத்தெடுத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்த்ததும் மைக்கம்மாவுக்கு நன்றி வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? முப்பது பேர் முப்பது பேர் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்ன அந்த முப்பது பேர் இவ்வளவுதானா? அன்றைக்கு வந்தவர்களும் இப்படித்தானே இருந்திருப்பார்கள். கேட்டிருந்தால்தானே தெரியும்.

சாவி வந்து, வண்டி ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் அண்ணி ஃபோன் செய்துவிட்டாள். ஆண் குழந்தை. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பெண்ணும் நன்றாக இருக்கிறாள். மைக்கம்மா அதை மைக்கில் சொன்னாள், வண்டியே கைதட்டியது. வழுக்கைத்தலைக்காரர்தான் முதலில் தட்டினார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன் வராந்தாவில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். அண்ணி உள்ளே மகளோடு இருந்தாள். "பொண்ணைப் பார்த்தியா?" என்று கேட்டாள் இவள். "பார்த்தேன். டாக்டர் வர நேரமாச்சாம், அவ உள்ளே போறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டா" என்றான் அவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டத்தான் வந்திருந்தாள். அதனால் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"முப்பது பேரும் ஒரு வார்த்தை சொல்லலைண்ணே. நடந்தே வந்திருப்போம்னாங்க."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். இவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீ மியூசியத்துல இருந்து சிரிச்சுக்கிட்டே வந்து ஏறினே. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன், வரலை. சரி, கோர்ட் வாசல்ல சொல்லிடலாம்னு ஓட்டினேன். அங்கேயும் சிரிச்சுக்கிட்டே இருந்தே. மார்க்கெட்ல சொல்லலாம். பாலம் இறங்கினதும் சொல்லலாம். அடுத்த இடத்துல, அடுத்த இடத்துலன்னு போய், ஷெட் வந்துடுச்சு பாப்பா. அதுக்கு மேல நிறுத்த இடம் இல்லை."

"அப்புறம் எதுக்கு முப்பது பேர்னு சொன்னே?"

"நீ ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. பயந்துட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நீ அதை நம்பிட்டே."

மூன்று வருஷமாக அவள் ஒரு கல் நெஞ்சுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒருவன் அந்த வண்டியில் இருந்ததே இல்லை. அப்பாவை நினைத்தாள், தன் பக்கத்தில் தனியாக அழுகையை அடக்கிக்கொண்டு ஊர் முழுக்க வண்டி ஓட்டிய இவனையும் நினைத்தாள்.

"நீ எப்படி பாப்பா சொன்னே?" என்று அவன் கேட்டான். "மரத்தடியில வந்து நின்னு, படபடன்னு. எனக்கு வராதது உனக்கு எப்படி வந்துச்சு?"

"நீ சொல்லாததாலதான்" என்றாள் அவள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்று வருஷம் தள்ளிப்போட்ட அழுகையை அழுதான். அவள் தடுக்கவில்லை. தானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அண்ணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "நல்ல செய்திதானே சொன்னேன், ரெண்டு பேரும் ஏன் இப்படி அழறீங்க?" என்றாள்.